சிவப்பு நூல் தைத்த மூட்டைகள்

பால்பண்ணை
ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் அத்தானும் உன் மாமியாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

போனில் பேசினால் நான் ‘ம்’ மட்டும்தான் சொல்கிறேன் என்று திட்டினாய். அதனால் எழுதுகிறேன். உங்கள் வீட்டு மீன்குளங்களுக்கு வரும் தீவன லாரியில், முதல் மூட்டையின் வாய்க்குள் இதை வைத்துத் தைத்துவிடுவேன். வெற்று மூட்டைகள் திரும்பி வரும்போது பதிலை அதில் போடு. மூட்டைகளை உதறி மடிப்பது நான்தான்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு இங்கே நிறைய மாறிவிட்டது. தொழுவத்துச் சாணம் வாய்க்காலில் ஓடி எருக்குழியில் விழுமே, அந்த வாய்க்கால் இப்போது மூடிய பெரிய தொட்டிக்குப் போகிறது. அதில் சாணம் புளித்து எரிவாயு வருகிறது. பால் காய்ச்சும் அடுப்பும் இன்ஜினும் அதில்தான் ஓடுகின்றன. மிச்சக் கரைசலில் தண்ணீர் சேர்த்து, முழங்கால் ஆழம்கூட இல்லாத நீளத் தொட்டிகளில் விடுகிறார்கள். துடுப்புச் சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெயில் பட்டதும் தண்ணீர் முழுக்கப் பாசி பிடித்துப் பச்சையாகிவிடுகிறது. அந்தப் பாசியைத் துணியில் வடித்து, உலர்த்தி, தவிட்டோடு பிசைந்து, குருணையாக்கி மூட்டை கட்டுவது என் வேலை. அம்மா படுக்கையில் விழுந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மாவும் போன பிறகு கிடைத்த முதல் வேலை இதுதான். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்கிறார்கள். ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டே இன்னொன்றைத் தேடுவார்.

மழை பிடித்துவிட்டது. மாடுகளுக்குக் குளம்பு அழுக ஆரம்பித்திருக்கிறது. அப்பா வழக்கம்போல நீல மயில்துத்தம் கரைத்துக் குளம்புத் தொட்டி வைத்துவிட்டார். மாடுகள் அதில் இறங்கி ஏறித்தான் வெளியே போகின்றன. அப்பாவும் செருப்பில்லாமல் இறங்குகிறார். சொன்னால் கேட்பதில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை

* * *

குளத்து வீடு
ஜூன் 29

என் வாயாடித் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உனக்கும் அப்பாவுக்கும் எந்தக் குறையும் வரக்கூடாது.

போனில் பேசாத பெண்ணா இவ்வளவு எழுதுவது என்று அத்தான் கேட்டார். நான் உனக்கு வைத்த பெயர் தப்பில்லை, பார்.

ஒரு நல்ல செய்தி. கோடியில் இருக்கும் மூன்றாவது குளத்தை எனக்கே கொடுத்துவிட்டார்கள். குஞ்சு விடுவது முதல் பிடிப்பது வரை என் பொறுப்பு. சும்மா கிடைக்கவில்லை. “எங்க பண்ணைத் தீவனத்தைப் போட்டு வளர்த்துக் காட்டறேன்” என்று சொல்லித்தான் வாங்கினேன். அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, “சாணியில வளர்ந்ததை மீன் திங்கும், அந்த மீனை நான் திங்கணுமா?” என்றார். “நீங்க திங்கற கீரைக்கு எருவா என்ன போட்டாங்கன்னு நெனைக்கறீங்க?” என்றேன். அத்தான் சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. இந்த ஈட்டில் மீன் தேறவில்லையென்றால் குளம் கொழுந்தனுக்குப் போய்விடும், நான் மறுபடி அடுப்படிக்கு. அதையும் அவர் அப்போதே சொல்லிவிட்டார்.

குஞ்சுகள் உன் குருணையைக் கண்டால் கரைக்கே வந்துவிடுகின்றன. கையைத் தண்ணீரில் வைத்தால் விரலைக் கொத்துகின்றன. குளக்கரையில் நின்று பார்க்கும்போது இந்த வீட்டில் எனக்கும் ஓர் இடம் இருப்பதுபோல் இருக்கிறது.

அப்பாவைச் செருப்புப் போடச் சொல். நான் சொன்னதாகச் சொல்.

உன் அக்கா

* * *

பால்பண்ணை
ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் குளமும் அதில் உள்ளவர்களும் நலமா?

செருப்பு விஷயம் சொன்னேன். “அங்க போயும் அதிகாரத்தை விடலையா அவ” என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

மழை நிற்கவே இல்லை. மாடுகள் பாதிக்கு மேல் நொண்டுகின்றன. அப்பா துத்தத்தை அள்ளி அள்ளிக் கரைக்கிறார். தண்ணீர் சேறானதும் வாய்க்காலில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்கிறார்.

பச்சைத் தொட்டிகள் முன்போல் இல்லை, அக்கா. இளம்புல் நிறத்தில் இருந்த தண்ணீர் வெளுத்துப் பழுத்த இலை மாதிரி ஆகிவிட்டது. துணியில் வடித்தால் வழுவழுப்பாக வந்த பாசி இப்போது கரகரவென்று வருகிறது. எரிவாயு அடுப்பும் பற்றிக்கொள்ள முரண்டு பிடிக்கிறது. வெயில் இல்லாததால் இருக்கும் என்கிறார் கண்ணாடிக்காரர். இருந்தாலும் புட்டிகளில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

பாசி குறைவுதான். உங்கள் வீட்டுக்கு மூட்டை நிற்கக்கூடாது என்று முதலாளியம்மா சொல்லிவிட்டதால் இருந்ததை வைத்துக் கட்டிவிட்டேன். வெள்ளை நூல் தீர்ந்துபோனது. இந்த மாதம் எல்லாம் சிவப்பு நூல். மூட்டைகள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வருகின்றன என்று லாரிக்காரர் கேலி செய்தார்.

பாசமுள்ள
தங்கை

* * *

குளத்து வீடு
ஆகஸ்ட் 5

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மூட்டைகள் வந்தன. தைத்தது அழகாக இருந்தது. இங்கேயும் மழை.

குஞ்சுகள் கொஞ்சம் மந்தமாக இருக்கின்றன. குருணையை வாயில் வாங்கித் துப்புகின்றன. மழைத் தண்ணீர் கலந்ததால் இருக்கும். பெரிதாக ஒன்றுமில்லை.

அத்தை தினமும் குளத்துப் பக்கம் நடந்துபோகிறார். நடை உடம்புக்கு நல்லதுதானே.

அக்கா

* * *

பால்பண்ணை
ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் ஏன் இவ்வளவு சின்னதாக இருந்தது? உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. தண்ணீரில் செம்பு அதிகமாக இருக்கிறதாம். பாசிக்குச் செம்பு ஆகாதாம். எரிவாயு உண்டாக்கும் கிருமிக்கும் ஆகாதாம். கண்ணாடிக்காரர் தொட்டியடியில் எல்லோரையும் கூப்பிட்டு விளக்கினார். சாணத் தொட்டியைச் சூடாக வைக்க உள்ளே ஒரு செம்புச் சுருள் ஓடுகிறது. அது அரித்துக் கரைகிறது என்று அவருக்குச் சந்தேகம். சுருளைப் போட்டது நம் பிளம்பர்தான். அப்பாவோடு தினம் டீ குடிப்பாரே, அவர்.

“சார், அந்தச் சுருள் அஞ்சு வருஷத்துக்குக் கரையாது. வெளியே எடுத்துப் பாருங்க” என்றார் பிளம்பர்.

எடுத்துப் பார்த்தார்கள். மேலே பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. முதலாளியம்மா அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

அப்பா கடைசியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். செம்பு என்ற சொல் வந்ததும் தொழுவத்துக்குப் போய்விட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரமாக இருக்கும்.

தங்கை

* * *

பால்பண்ணை
ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

லாரி வர இன்னும் நாளாகும். போனில் பேசினால் அப்பாவுக்குக் கேட்கும். அதனால் இதைத் தபாலில் போடுகிறேன். சிவப்பு நூல் தைத்த மூட்டைகளைப் பிரிக்காதே. பிரித்திருந்தால் போடாதே. வெள்ளை நூல் மூட்டைகளால் ஒன்றும் ஆகாது. பாசி தன்னைச் சுற்றி இருக்கும் செம்பை எல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாம். கண்ணாடிக்காரர் யாருக்கோ போனில் சொன்னதைக் கேட்டேன். மூட்டைகளைப் பற்றி அவர் இன்னும் யோசிக்கவில்லை. நான் போய்ச் சொல்ல நினைத்து அவர் அறை வாசலில் நின்றேன். “என்னம்மா?” என்றார். “ஒண்ணுமில்ல சார்” என்று வந்துவிட்டேன்.

அட்டையில் குத்தி ஒரு கோணி ஊசி வைத்திருக்கிறேன். மூட்டை தைக்கும் ஊசிதான். நேற்றுத் தொழுவத்து வழியாக வரும்போது கை தவறிக் கீழே விழுந்தது. தேடி எடுப்பதற்குள் இந்தச் செம்பு நிறமாகிவிட்டது. இரும்பு ஊசி என்று உனக்குத் தெரியும்.

எங்கே விழுந்தது என்று நான் எழுதவில்லை.

தங்கை

* * *

குளத்து வீடு
செப்டம்பர் 2

என் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. உன் கடிதம் வரும்போது சிவப்பு நூல் மூட்டைகளில் ஒன்றுதான் மிச்சம். அது இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. குளத்தில் முக்கால்வாசிக் குஞ்சுகள் போய்விட்டன. தினமும் காலையில் வலைக்கூடையில் அள்ளிக் கரையில் புதைத்தேன். கொழுந்தன் உதவிக்கு வந்தான். உதவி செய்தானா, கணக்கெடுத்தானா என்று தெரியவில்லை.

என்ன ஆச்சு என்று அத்தை கேட்டார். “ஆசையில அளவுக்கு மீறிப் போட்டுட்டேன், தண்ணி கெட்டுடுச்சு” என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு, “சரி, விடு” என்றார். திட்டியிருந்தால் தேவலை. குளம் கொழுந்தனுக்குப் போய்விட்டது.

ஊசியைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவின் குதிகால் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறதா?

பதில் எழுதாதே. யாரிடமும் எதுவும் சொல்லாதே. அப்பாவுக்கு அந்தத் தொழுவத்தை விட்டால் வேறு வேலை தெரியாது. நீங்கள் இருப்பது பண்ணை வீடு. வேலை போனால் வீடும் போகும். பிளம்பருக்குக் கையில் தொழில் இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். என் குளம் போனது போனதுதான். நீ இத்தனை வருஷம் பேசாமல் இருந்தாய். இன்னும் கொஞ்சநாள் இரு.

உன் அக்கா

* * *

பால்பண்ணை
செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவும் உடம்புக்கு நலம்தான்.

நீ சொன்னபடிதான் இருந்தேன். செம்பு என்று தெரிந்த மறுநாள் முதல் அப்பா குளம்புத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டுவதில்லை. வாளியில் மொண்டு தொழுவத்துக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போகிறார். இரண்டு கையிலும் இரண்டு வாளி, முதுகு வளைந்துவிடுகிறது. நான் எதிரே வந்தால் வாளியைக் கீழே வைத்துவிட்டு மாட்டைத் தடவுகிறார். அதனால் அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். சாப்பிடும்போது இரண்டு பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறோம்.

தொட்டிகள் மெல்லப் பச்சையாயின. சுருளை மாற்றியதால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். பிளம்பரை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை அவர் கருவிப் பெட்டியைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். நான் பக்கத்தில் மூட்டை உதறிக்கொண்டிருந்தேன்.

“இனிமே இந்தப் பக்கம் எவன் என்னைக் கூப்பிடுவான்? பண்ணையையே கெடுத்தவன்னுதானே சொல்வாங்க” என்றார் பிளம்பர். பிறகு, “நீங்களாவது நம்பறீங்களாண்ணே, என் வேலையில குத்தமில்லைன்னு?” என்று கேட்டார்.

அப்பா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். அது அவிழாமல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். “நம்பறேன்ப்பா” என்றார்.

அந்தக் குரல் பொய்க் குரல் இல்லை, அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

நான் குளம்புத் தொட்டிக்குப் போனேன். ஒரு டம்ளரில் நீலத் தண்ணீரை மொண்டேன். முதலாளியம்மா அறைக்குள் போய் மேஜைமேல் வைத்து, என் கோணி ஊசியை அதில் போட்டேன். கண்ணாடிக்காரரும் இருந்தார். “என்னம்மா இது, ஊசிக்கு ஜுரமா?” என்றார் முதலாளியம்மா. நான் டம்ளரை அவர் பக்கம் தள்ளினேன். ஊசி செம்பு நிறமாக மாறும்வரை மூன்று பேரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிக்காரர்தான் முதலில் எழுந்தார். “துத்தத்துல இருக்கற செம்பு இது. எங்கேருந்து?” என்றார்.

“தொழுவத்துலேருந்து. வாய்க்கால்லதான் கொட்டுவோம். ரொம்ப வருஷமா அப்படித்தான்” என்றேன். அப்பா கொட்டுவார் என்று சொல்லத்தான் போனேன். வாயில் அப்படி வரவில்லை. சிவப்பு நூல் மூட்டைகளைப் பற்றியும் சொன்னேன். அப்போது யாரோ பின்னால் மூச்சுவிட்டது கேட்டது. திரும்பினேன். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிளம்பரின் கயிற்றில் மிஞ்சிய துண்டு கையில் இருந்தது.

முதலாளியம்மா வெளியே போய்ப் பிளம்பரைச் சைக்கிளை நிறுத்தச் சொன்னார். அப்பாவிடம் தொழுவத்துச் சாவியைக் கேட்டார். அப்பா இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். எங்களை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா என்று இன்னும் தெரியவில்லை.

அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. நீயும் பேசமாட்டாய் என்று நினைக்கிறேன். இருந்தாலும் நலமாக இரு.

தங்கை

* * *

செப்டம்பர் 30

நான் சொன்னதை நீ கேட்கவில்லை. நான் அத்தையிடம் பொய் சொல்லி ஒரு மாதம் தலைகுனிந்து நடந்தது எதற்கு? வாயைத் திறக்க உனக்குக் கிடைத்த நேரம் இதுதானா?

உங்கள் பண்ணையிலிருந்து சிவப்பு நூல் மூட்டைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தகவல் வந்தது. காரணமும் சொல்லியிருந்தார்கள். அத்தை நேராக அடுப்படிக்கு வந்தார்.

“அளவுக்கு மீறிப் போட்டேன்னியே?”

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“தொழுவத்துல இருக்கறது உங்கப்பாதானே?”

“ஆமாங்கத்தை.”

அவர் என் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தார். “இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் பொய் சொல்ல வரும்னு நெனைச்சேன்” என்றார். பிறகு குளம் கொழுந்தனிடமே இருக்கட்டும் என்றும், கிணற்றடியில் இருக்கும் குஞ்சுத் தொட்டியை நான் கழுவி வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். குளமெங்கே, தொட்டியெங்கே. ஆனாலும் கழுவினேன்.

கட்டிலடியில் இருந்த மூட்டை லாரியில் வருகிறது. இது அதற்குள் இருக்கிறது.

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. சாப்பிடுகிறாயா? அவர் சாப்பிடுகிறாரா?

* * *

பால்பண்ணை
அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இது அப்பா சொல்ல நான் எழுதுவது. சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று உத்தரவு. ஆனால் உத்தரவு எனக்கு இல்லை, சுவருக்கு. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “பெரியவளுக்கு ஒரு கடுதாசி போடணும்” என்றார். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நடுநடுவே நானும் எழுதிக்கொள்கிறேன்.

“பெரியவளுக்கு அப்பா எழுதறது. நான் சுகமா இருக்கேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும். வீட்டைக் காலி பண்ணச் சொல்லலை. சாவி என்கிட்ட இல்லை. இப்ப சாணி அள்ளறேன். அதுக்குச் சாவி வேண்டாம்.”

இங்கே சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார். 

“உன் மீனைக் கொன்னது நான். வேணும்னு செய்யலை. வாய்க்கால் எங்க போகுதுன்னு யோசிக்காம கொட்டினேன். அது தெரியாம செஞ்சது. தெரிஞ்ச பிறகு வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாரு, அது தெரிஞ்சே செஞ்சது.”

இதைச் சொல்லிவிட்டு, “எழுதியாச்சான்னு தெரியலையே” என்றார் சுவரிடம். “எழுதியாச்சு” என்றேன்.

“பிளம்பர் திரும்ப வந்துட்டான். குளம்புத் தண்ணிக்குத் தனியா ஒரு குழி கட்டறான், சிமெண்ட்டு பூசி. டீக்குக் கூப்பிட்டேன். வரலை. மறுநாளும் கூப்பிட்டேன். வந்தான். ஒண்ணும் பேசலை. குடிச்சிட்டுப் போயிட்டான். நாளைக்கும் கூப்பிடுவேன்.”

“உன் தங்கச்சியோட நான் பேசறதில்லை. அதையும் எழுதணும். அவ செஞ்சது தப்புன்னு நான் சொல்லலை. அவளைப் பார்த்தா எனக்குப் பேச வரலை. இத்தனை வருஷமா அவளுக்கு ஏன் பேச்சு வரலைன்னு கேலி பண்ணேன். இப்பத்தான் புரியுது, எவ்வளவு கஷ்டம்னு.”

நான் எழுதும் சத்தம் நின்றுவிட்டது போலிருக்கிறது. “என்ன?” என்று பாதி திரும்பினார். நான் மறுபடி எழுத ஆரம்பித்தேன்.

“குழி கட்டி முடியறவரைக்கும் அந்தத் தண்ணியைப் பெரிய பீப்பாயில ஊத்தி மூடி வைக்கணுமாம். கண்ணாடிக்காரர் சொல்லிட்டாரு. நாளைக்குக் குளம்புத் தொட்டி மாத்தற நாள். ரெண்டு வாளியை ஒத்தை ஆளாத் தூக்க முதுகு விடலை. ஒரு வாளிக்கு இன்னொரு கை இருந்தா தேவலை. அதை நீ அவளுக்கு எழுதிச் சொல்லு.”

அக்கா, நீ எழுதி, அது லாரியில் ஏறி, வெற்று மூட்டைக்குள் வந்து சேர ரொம்ப நாளாகும். அதனால் நானே பதில் சொல்லிவிட்டேன்.

“நான் புடிக்கிறேன்ப்பா” என்றேன்.

அப்பா சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினார். பிறகு, “சரி. அதையும் எழுது” என்றார்.

எழுதிவிட்டேன்.

உன் குஞ்சுத் தொட்டிக்காக இந்த முறை ஒரு சின்ன மூட்டை வருகிறது. பரிசோதனை முடிந்த பாசி. வெள்ளை நூல்.

வாயாடி